கூரைக்கு முன்னே அடுப்பு

கரியமில வாயுவைக் குறைக்க வேண்டும் என்று முழங்காத மேடை இன்று இல்லை. 2070-ஆம் ஆண்டுக்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்குவோம் என்று 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா உலகத்துக்கு வாக்களித்தது. தமிழக அரசும் பசுமைக் காலநிலை நிறுவனம் ஒன்றை அமைத்து, மாவட்டந்தோறும் ஆட்சியரையே காலநிலைப் பணிக்குப் பொறுப்பாக்கியிருக்கிறது. நீலகிரி மாவட்டத்துக்கென்றே உமிழ்வுக் குறைப்புத் திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. பணம் வரப்போகிறது என்பதில் ஐயமில்லை. வருகிற பணம் எங்கே இறங்கும், எங்கே தங்கும் என்பதே என் கேள்வி.

அரசு அலுவலகம், மருத்துவமனை, கல்லூரி ஆகியவற்றில் கரியைக் குறைப்பது என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது கூரைமேல் பதித்த சூரிய ஒளித் தகடுதான். நல்லதுதான், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தகடு வெளியூரிலிருந்து வரும். அதைப் பொருத்துபவரும் சமவெளியிலிருந்து வருவார். பழுதானால் அவரையே மீண்டும் அழைக்க வேண்டும். மலைக்கு ஏறி வந்த முதலீடு ஒரே வாரத்தில் குன்னூர் மலைப்பாதை வழியே இறங்கிவிடும். எங்கள் ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் சூரியனைப் பார்ப்பதே அரிது. துணி காயாத ஊரில் தகடு மட்டும் எவ்வளவு வேலை செய்துவிடும்?

எங்கள் ஊர் என்றது ஓவேலியை. உதகையில் பிறந்து வளர்ந்த நண்பர்களில் பலர் கூடலூருக்கு அப்பால் அப்படி ஓர் ஊர் இருப்பதை அறியார். 1840-களில் ஜேம்ஸ் ஆக்டர்லோனி என்ற வெள்ளையர் அங்கே காப்பி பயிரிட்டார். ஆக்டர்லோனி வேலி, அதாவது ஆக்டர்லோனி பள்ளத்தாக்கு, மக்கள் வாயில் சுருங்கி ஓவேலி ஆயிற்று. (வேலி என்பது ஒரு நில அளவு என்று நம் தமிழ்த்துறை நண்பர்கள் வேறு பொருள் சொல்ல வந்தால், அதற்கு நான் பொறுப்பல்ல!) எல்லமலை, சூண்டி, பெரியசோலை, நியூ ஹோப் என்று சிறு சிறு ஊர்கள், சுற்றிலும் தேயிலை, காப்பி, ஏலம், அதற்கும் மேலே சோலைக்காடு.

கரி கக்காத மின்சாரம் இந்த மலைக்குப் புதியதன்று. பைக்காரா நீர்மின் திட்டம் 1932-இலேயே இயங்கத் தொடங்கிவிட்டது. அன்றைய சென்னை மாகாண அரசு இந்த மலையில் போட்ட பெரும் முதலீடு அது. அந்த மின்சாரத்தால்தான் கோவையில் பஞ்சாலைகள் பெருகின. அதைப் பொருளாதார வகுப்பில் பெருமையோடு படிக்கிறோம். ஆனால் 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தில் பிரிவு 17 என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பிரிவுக்கு உட்பட்ட நிலம் யாருடையது என்ற வழக்கு இழுத்துக்கொண்டே போனதால், அந்நிலத்தில் குடியிருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு நெடுங்காலம் மின் இணைப்பே கிடைக்கவில்லை. மலையின் தண்ணீர் கோவைக்கு விளக்கேற்றியது. மலையில் சிம்னி விளக்கு எரிந்தது. மண்ணெண்ணெய் விளக்கில் பாடம் படித்தவர்களிடம் போய் "கரியைக் குறையுங்கள்" என்று அறிவுரை சொன்னால் எப்படி இருக்கும்! ஒரு வட்டாரத்தில் முதலீடு செய்வது வேறு. அந்த வட்டாரத்துக்காக முதலீடு செய்வது வேறு. இந்த வேறுபாட்டைப் பைக்காராவே நமக்குக் காட்டிவிட்டது.

அப்படியானால் இங்கே பொதுத்துறையின் கரி எங்கிருந்து புறப்படுகிறது? அலுவலக மின்விளக்கிலிருந்து என்று நான் நினைக்கவில்லை. தேயிலைத் தொழிற்சாலையின் அடுப்பிலிருந்து புறப்படுகிறது. 1964-இல் சிறீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை தருவதற்காகத் தமிழக அரசு 1968-இல் தேயிலை பயிரிடத் தொடங்கியது. அதுவே பின்னர், 1975-இல், தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. நாம் டான்டீ என்கிறோமே, அதுதான். இன்னொரு பக்கம் இன்ட்கோசர்வ் என்னும் கூட்டுறவு இணையத்தின் கீழ் 16 தொழிற்சாலைகள் உள்ளன. ஏறத்தாழ 30,000 சிறு விவசாயிகளின் கொழுந்து அவற்றை நம்பியிருக்கிறது. பொது நிறுவனம் என்று இவற்றைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். கலைப்பிரிவு நண்பர்கள் பொறுத்தருள்க. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். மீதி மூன்றரைக் கிலோ முழுவதும் பெரும்பாலும் தண்ணீரே. அதை ஆவியாக்கி வெளியேற்றுவதுதான் தொழிற்சாலையின் பெரிய வேலை. தேயிலை செய்யச் செலவாகும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கு இந்தச் சூட்டுக்கே போகிறது. மின்சாரத்தின் பங்கு ஒன்றுதான். ஒரு கிலோ நீரை ஆவியாக்க 540 கிலோ கலோரி என்று வைத்தால், மூன்றரைக் கிலோவுக்கு 1,900 கிலோ கலோரி ஆகிறது. நன்கு காய்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 3,500 கிலோ கலோரி கிடைக்கும். ஆக, வீணாகாமல் எரித்தால் அரைக் கிலோவுக்குச் சற்று மேல் போதும். நடைமுறையிலோ ஒரு கிலோவுக்கும் மேல்தான் எரிகிறது. மிச்சம் எங்கே போயிற்று? புகைபோக்கி வழியே வானத்துக்கு.

காரணம் பெரிய விஞ்ஞானம் அல்ல, ஈர விறகு. வெட்டிய கற்பூர மரத்தில் பாதி எடை நீர். அதை அப்படியே அடுப்பில் தள்ளினால், கொழுந்தைக் காயவைக்கு முன் விறகு தன்னைத்தானே காயவைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஈர விறகு தரும் சூடு காய்ந்த விறகு தருவதில் பாதிதான். மழைக்காலத்தில் கொழுந்தும் நனைந்து வரும், விறகும் நனைந்து கிடக்கும்; அடுப்புக்காரர் பாடு சொல்லி மாளாது. விறகைப் பிளந்து அடுக்க ஒரு கூரைக் கொட்டகை, கழிவுச் சூட்டிலேயே அதை உலர்த்த ஓர் ஏற்பாடு, காற்றை அளவோடு விடும் அடுப்பு, கொழுந்து வாட்டும் தொட்டிகளுக்கு மின்சாரம் குறைவாக இழுக்கும் விசிறி. இவற்றை நான் கனவு கண்டு சொல்லவில்லை. 2008-க்குப் பின் சில ஆண்டுகள் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் தேயிலை வாரியத்தின் துணையோடு தென்னிந்தியச் சிறு தேயிலைத் தொழிற்சாலைகளில் எரிபொருள் சிக்கனத் திட்டம் ஒன்றை நடத்தின. வழி முன்பே தெரிந்ததுதான். கொட்டகை கட்டுபவர் கூடலூர்க் கொத்தனார்; அடுப்பைச் சீர்செய்பவர் குன்னூர்ப் பட்டறைக்காரர். காசு மலையிலேயே தங்கும் என்று நான் சொல்வது இதனால்தான்.

"விறகு கரிக் கணக்கில் சேராது, வெட்டிய மரம் மறுபடி வளர்ந்து கரியை உறிஞ்சிக்கொள்ளும்" என்று ஒரு வாதம் உண்டு. மறுபடி நட்டால் சரி. ஆனால் ஒரு கிலோ தூளுக்கு அரைக் கிலோ விறகு வீணாகிறது என்றால், அந்த விறகைக் கூட்டுறவு உறுப்பினரின் கொழுந்து விலையிலிருந்துதானே வாங்குகிறோம்? கரிக் கணக்கில் சேராவிட்டாலும் வயிற்றுக் கணக்கில் சேருகிறது.

விறகுக்கு வேறு வழியும் இருக்கிறது. அந்நியக் களைத் தாவரங்களைக் காடுகளிலிருந்து அகற்றுவது என்று தமிழக அரசு 2022-இல் கொள்கை வகுத்தது. முதுமலையில் உண்ணிச்செடி புதராக மண்டிக் கிடக்கிறது, மேல்மலையில் சீகை. இவற்றை வெட்டி, உலர்த்தி, அழுத்தி எரிகட்டையாக்கிக் கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்கு விற்கும் உரிமையைப் பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் சங்கங்களுக்குக் கொடுத்தால் என்ன? ஒப்பந்தக்காரர் லாரியில் ஏற்றிச் சமவெளிக்குக் கொண்டுபோவதைவிட அது மேல்.

இனி மனத்தை உறுத்தும் ஒரு செய்தி. 2022-இல் டான்டீயின் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்க அரசு முடிவெடுத்தது. நஷ்டமும் ஆள் பற்றாக்குறையும் காரணங்கள். யானைக்கு வழி கிடைக்கும், காடு வளரும், காடு கரியை உறிஞ்சும். காகிதத்தில் எல்லாம் அழகு. காட்டை நான் வெறுப்பவன் அல்லன். இரவில் யானை வரும் ஊரிலிருந்து வந்தவனுக்கு அதன் வழியை மறித்தால் என்ன ஆகும் என்று தெரியும். ஆனால் அந்தத் தேயிலை எதற்காக நடப்பட்டது? கண்டியிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் பெட்டியோடு வந்தவர்கள் பிழைக்க. என் பாட்டியும் அப்படி வந்தவர்தான். என் தாயார் இன்றும் கொழுந்து பறிக்கிறார். தேயிலைச் செடியைக் காடாக மாற்றவும் கை வேண்டும். நாற்றங்கால் போட, களை எடுக்க, தீ காக்க, சோலை மரங்களை நட்டு வளர்க்க அந்தத் தொழிலாளரையே நிரந்தரக் கூலியில் அமர்த்தினால் அது முதலீடு. அவர்களை லயத்திலிருந்து இறக்கிவிட்டுக் கரி குறைந்தது என்று எழுதிக்கொண்டால் அது வெறும் கழித்தல் கணக்கு.

நம் கல்லூரிக்கு வருகிறேன். தொழிற்சாலைகளில் எவ்வளவு விறகு எரிகிறது, எவ்வளவு ஈரம், எவ்வளவு சூடு வீண் என்று அளக்கும் வேலையை வெளியூர் ஆலோசனை நிறுவனத்துக்குக் கொடுப்பானேன்? நம் வேதியியல் துறையில் தராசும் வெப்பமானியும் உண்டு. பொருளியல் துறையில் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் உண்டு. களை எது, காடு எது என்று சொல்ல வனவிலங்கு உயிரியல் துறை உண்டு. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவர்களுக்கு வழியும் தெரியும், மொழியும் தெரியும். விடுமுறையில் இரண்டு மாதம் உதவித்தொகை கொடுத்து இவர்களை அனுப்பினால், அளவும் கிடைக்கும், படித்தவனுக்கு மலையில் ஒரு தொழிலும் கிடைக்கும்.

அதற்குக் காலம் ஆகும் என்றால், உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2000-ஆம் ஆண்டை ஒட்டிக் கொழுந்து விலை வீழ்ந்து விவசாயிகள் தவித்தபின், இன்ட்கோசர்வின் 'ஊட்டி டீ'யை ரேஷன் கடைகள் வழியே அரசு விற்றது. அதே வழியில் நம் விடுதியும் சிற்றுண்டிச்சாலையும் மாவட்டத்து அரசு அலுவலகங்கள் அனைத்தும் கூட்டுறவுத் தூளையே வாங்கட்டும். வாங்கும்போது ஒரு நிபந்தனையும் போடட்டும்: அந்தத் தொழிற்சாலையில் விறகுக் கொட்டகை இருக்க வேண்டும்.

இதை விடுதி உணவுக்குழுவின் அடுத்த கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.