பட்டையைப் பூட்டாமல் படகை அவிழ்க்காதீர்

விடுமுறை நாளில் ஏதாவது ஓர் ஏரிக்கரைக் கயாக் துறையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். எல்லாத் துறைகளும் மோசமில்லை. ஆனால் நாம் கண்ட ஒன்றில் நடப்பது இதுதான். சீட்டைக் கிழித்ததும் குவியலிலிருந்து ஒரு லைஃப் ஜாக்கெட்டை உருவி நீட்டுகிறார்கள். வெயிலில் வெளுத்து, தையல் விட்டு, நேற்றைய ஈரம் காயாமல் கிடந்தது அது. மூன்று கொக்கிகளில் ஒன்று உடைந்த இடத்தில் நைலான் கயிற்று முடிச்சு. ஆறு வயதுப் பிள்ளைக்கும் அப்பாவுக்கும் ஒரே அளவு. கேட்டால், "இடுப்பளவு தண்ணிதான் சார், ஒண்ணும் ஆகாது" என்று பதில்.

இந்தப் பதிலை வன்மையாகக் கண்டிக்கிறோம். மண் அள்ளிய ஏரியில் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியிலேயே ஆள் மூழ்கும் பள்ளம் இருக்கும். ஆகாயத்தாமரை வேரும் அறுந்த வலையும் நீந்தத் தெரிந்தவர் காலையும் கட்டிப்போடும். ஆற்றிலோ, தடுப்பணையைத் தாண்டி விழும் நீர் அடியில் சுழன்று, கவிழ்ந்தவரை மறுபடி மறுபடி அணைக்கட்டின் சுவருக்கே இழுக்கும். மேலே பார்த்தால் சலனமே தெரியாது.

தளர்வான ஜாக்கெட் போட்டும் போடாததுபோலத்தான். தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே ஏறும், உடல் கீழே வழுகும். அணிந்ததே முகத்தை மூடும். சோதிப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்க வேண்டும். காதுவரை ஏறினால் பட்டையை இறுக்க வேண்டும், அல்லது அளவை மாற்ற வேண்டும். சிறு பிள்ளைகளுக்குக் கால்களுக்கிடையே பூட்டும் பட்டை கட்டாயம் வேண்டும். இதைச் செய்யக்கூட ஆள் வைக்காதவர்கள் எந்த உரிமையில் கட்டணம் வாங்குகிறார்கள்?

பாடம் படிக்க நமக்குப் பிணங்கள் போதவில்லையா? 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி நீர்த்தேக்கத்தில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தமிழகத்திலிருந்து சென்றவர்களும் அதில் உண்டு. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் 22 பேர். 2024 ஜனவரி 18 அன்று வடோதராவின் ஹர்ணி ஏரியில், பள்ளிச் சுற்றுலா சென்ற 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும். பலர் உடம்பில் ஜாக்கெட்டே இல்லை. அவை பெரிய படகுகள், கயாக் வேறு என்று சொல்பவர்கள், கயாக்கில் படகோட்டிகூட உடன் இல்லை என்பதை யோசிக்க வேண்டும். துடுப்பு பிடித்தறியாதவரைத் தனியே அனுப்புவதால் துறையின் பொறுப்பு கூடத்தான் செய்கிறது.

2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலன்கள் சட்டத்தில் இயந்திரமில்லாத கலன்களுக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. மாநில அரசு அதைக் கொண்டு கயாக் துறைகளை வரன்முறைப்படுத்த வேண்டும். பதிவு பெறாத துறை இயங்கக் கூடாது. எடைக்கேற்ற அளவுகளில் ஜாக்கெட் இல்லாத துறைக்குச் சீட்டுப் புத்தகம் கொடுக்கக் கூடாது. கொக்கி உடைந்ததைத் திருப்பி மாட்டாமல் அங்கேயே வெட்டி எறிய வேண்டும். காற்று எழுந்தாலோ இடி கேட்டாலோ எல்லோரையும் கரைக்கு அழைக்க வேண்டும். அதற்கென நீச்சல் தெரிந்த ஆளோடு மீட்புப் படகு தண்ணீரிலேயே நிற்க வேண்டும். சுற்றுலாத் துறையும் மாவட்ட ஆட்சியர்களும் வரும் கோடை விடுமுறைக்குள் ஒவ்வொரு துறையையும் நேரில் சோதித்து, தேறாதவற்றைப் பூட்ட வேண்டும். சோதனை முடிவைச் சீட்டுக் கொடுக்கும் இடத்திலேயே ஒட்ட வேண்டும்.