கேட்கத் தெரிந்த மனம்

2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்ட ‘மலையகம் 200’ நடைபவனி, ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. கோப்பித் தோட்டங்களுக்காக, மலையகத் தமிழராகிய நம் முன்னோர் கால்நடையாக வந்த வழி அது. அன்று வழியிலேயே மாண்டவர்களுக்குக் கணக்கில்லை. இந்த முறை நடந்தவர்கள் தமிழ், முஸ்லிம், சிங்கள ஊர்கள் பலவற்றைக் கடந்தார்கள். வீதியோரம் நின்று பார்த்தவர்களின் மனத்தில், ‘இவர்கள் யார், எதற்காக நடக்கிறார்கள்?’ என்ற கேள்வி எழுந்திருக்கும். அந்தக் கேள்வியையே நடைபவனியின் பெரும்பயனாகக் கருதுகிறோம்.

நம்மைப் பற்றி இந்த நாட்டில் அபிப்பிராயங்களுக்குக் குறைவில்லை. நம்மிடம் கேட்டு அறிந்தவர்கள்தான் குறைவு. தமிழ் பேசுவோரே நம்மைத் ‘தோட்டக்காட்டான்’ என்றார்கள். கண்டிச் சீமையின் கிராமத்தவரோ தங்கள் காணியில் வந்து குந்தியவர்களாக நம்மைப் பார்த்தார்கள். அவர்களுடைய இழப்பு உண்மையானது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமையை நிரூபிக்க முடியாத காட்டையும் தரிசையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாக்கியது. அப்படிப் பறித்த காணி வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளின் கைக்குப் போனது. அதே காணியில் கூலிக்கு நின்ற நம் பாட்டனுக்கு ஒரு பேர்ச்சஸ்கூடச் சொந்தமில்லை. 1948இல் பிரஜாவுரிமையும் போனது. ‘வெறுக்காதே’ என்று உபதேசிப்பதால் கிராமத்து மனிதரின் கசப்பு தீராது. ‘எங்கள் காணி எப்படிப் போனது?’ என்று அவரே தேடிப்போனால், பறித்தவர் யார், பறிகொடுத்தவர் யார் என்பது அவருக்கே விளங்கும்.

இப்படித் தேடிப்போனவர்கள் உண்டு. அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்தியோதயம் என்ற நிலையத்தைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும் அங்கே ஒன்றாக இருந்து வேலை செய்தார்கள். காணிச் சீர்திருத்தமும் தோட்டங்களின் தேசியமயமாக்கமும் வரிசை வீடுகளான லயங்களில் வாழ்ந்த மக்களை அலைக்கழித்த எழுபதுகளில், தோட்டத்தாரையும் பக்கத்துக் கிராமத்தாரையும் அவர் ஒன்றாக உட்காரவைத்தார். இரு பக்கத்து வறுமையையும் கிட்ட நின்று படித்ததால் வந்த துணிவு அது.

நமக்குள்ளேயும் ஒருவர் இருந்தார். சி.வி. வேலுப்பிள்ளை 1914இல் மடக்கும்புரத் தோட்டத்தில், பெரிய கங்காணிக் குடும்பத்தில் பிறந்தவர். ஆங்கிலத்தில் எழுதியவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர். கங்காணி வீட்டுக்கும் லயத்துக் காம்பராவுக்கும் இடையே இருந்த தூரம் நமக்குத் தெரியும். கங்காணி வீட்டுப் பிள்ளைகள் அதைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லாத காலம் அது. சி.வி. தாண்டினார். தொழிலாளர் வாயில் வழங்கிய தாலாட்டையும் ஒப்பாரியையும் துரையையும் கங்காணியையும் பற்றிய பாட்டுகளையும் கேட்டுத் திரட்டினார். ‘கூலியின் பாட்டில் என்ன இருக்கிறது’ என்று அவர் நினைத்திருந்தால், அவை பாடியவர்களோடு மண்ணுக்குள் போயிருக்கும்.

இன்று நாம் எப்படி இருக்கிறோம்? மாசியில் காமன் கூத்துக்குத் தப்பு முழங்கும்போது, அக்கரைக் கிராமத்துச் சிங்களப் பிள்ளை, “அம்மே, அங்கே என்ன?” என்று கேட்கிறது. பன்சலையில் பௌத்த பிக்குகள் பிரித் ஓதும்போது நம் லயத்துப் பிள்ளை, “அம்மா, என்ன சொல்றாங்க?” என்று கேட்கிறது. இரண்டு வீட்டிலும் ஒரே பதில்தான்: அது நமக்கெதுக்கு. அறிய வேண்டும் என்ற ஆசை எந்தப் பிள்ளைக்கும் கூடப்பிறந்தது. அதை அடக்கி வைக்கும் இடத்தில்தான் துவேசம் வேர்விடுகிறது. லயத்துக்குள்ளேயே சாதி பார்த்துத் தண்ணீர் வாங்கத் தயங்கும் நமக்கும் இது பொருந்தும்.

கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ தேநீர் குடிப்பவர் ஒருநாள் மலைக்கு வந்து, “ஒரு பேருக்கு எத்தனை கிலோ எடுக்கணும்? குறைந்தால் என்ன செய்வார்கள்?” என்று கேட்கட்டும். மழையில் அட்டை கடிக்கக் கடிக்கக் கொழுந்து எடுத்த ஒரு பெண், நிறுவையில் சில கிலோ குறைந்ததற்காக, அரைநாள் கூலியான அரைப்பேரோடு வீடு திரும்புவது எப்படி என்று அவளே சொல்லுவாள். அதைக் கேட்டவர் வாயில் ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல் அத்தனை எளிதாக வராது.

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் படிப்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். 1948ஐச் சொல்லிக்கொடுக்கும்போது 1840ஐயும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். கண்டிக் கிராமங்களில் படிப்பிக்கும் சிங்கள ஆசிரியர்கள் 1840ஐச் சொல்லும்போது 1948ஐயும் சொல்லட்டும். நம் பங்குக்கு, அடுத்த இதழிலிருந்து சிங்களக் கதைகளின் தமிழாக்கத்துக்குப் பக்கங்கள் ஒதுக்குகிறோம். நம் எழுத்தைச் சிங்களத்துக்குக் கொண்டுபோகக்கூடியவர்கள் முன்வாருங்கள். இரண்டு மொழியும் அறிந்த ஒரு தலைமுறை மலையகத்தில் வளர்ந்துவிட்டது. அந்த இளைஞர்களை நம்பியே இதைத் தொடங்குகிறோம்.