இரண்டாம் அரையாண்டு இரசாயனவியலும் போதனாமொழியும்

விஞ்ஞானபீடத்து முதலாம் வருட மாணவன் இடறி விழும் இடம் எதுவென வினவினால், பலரும் இரண்டாம் அரையாண்டு இரசாயனவியலையே சுட்டுவர். கணித அறிவு போதாமையே காரணம் என்பர் சிலர். முயற்சி போதாமை என்பர் வேறு சிலர். இவ்விரு விளக்கங்களும் குற்றத்தை மாணவன் தலையிற் சுமத்திவிட்டு அமைதி காண்பவை. உயர்தர வகுப்பில் தமிழிலே இரசாயனவியல் கற்று, நாடளாவிய போட்டிப் பரீட்சையில் தேறி வந்த ஒருவன், சில மாதங்களுள் அறிவிழந்துவிட்டான் எனக் கூறுவது பொருந்தாது. அவன் இழந்தது அறிவையன்று. அவ்வறிவை எடுத்துரைக்கும் மொழியையே.

இவ்விடர் முதலாம் அரையாண்டிலேயே வெளிப்படாதது ஏன்? அணுக்கட்டமைப்பு, ஆவர்த்தன அட்டவணை, பிணைப்பு என்பன பெரும்பாலும் குறியீட்டாலும் படத்தாலும் விளங்கத்தக்கவை. அவற்றைக் கற்பதற்குச் சிறிதளவு ஆங்கிலம் போதும். பொதுவாக அவற்றை அடுத்து வரும் தாக்கவீதம், சமநிலை, அமில மூலங்கள், வெப்பவியக்கவியல், மின்னிரசாயனம் என்பனவோ நியாயங்களைத் தொடுத்துச் செல்லும் பகுதிகள். 'ஏனெனில்', 'ஆயினும்', 'ஆதலால்' என்னும் சொற்களின்றி அவற்றில் ஓரடியும் எடுத்துவைத்தல் இயலாது. மொழியின் குறை அங்கேதான் மூளையின் குறையாகத் தோற்றங் கொள்கிறது.

ஓர் உதாரணம் காட்டலாம். நைதரசனும் ஐதரசனும் கூடி அமோனியாவைத் தரும் தாக்கம் வெப்பத்தை வெளிவிடுவது. ஆதலால் வெப்பநிலையைக் குறைத்தால் சமநிலையில் அமோனியாவின் விகிதம் கூடும். ஆயினும், வெப்பநிலை குறையத் தாக்கவீதமும் குறையும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இணக்கமாகவே ஏறத்தாழ 450 பாகை செல்சியசு வெப்பநிலையும் 200 வளிமண்டல அமுக்கமும் இரும்பு ஊக்கியும் கைத்தொழிலிற் கையாளப்படுகின்றன. ஊக்கியானது சமநிலையை விரைவில் எய்தச் செய்யுமேயன்றி, சமநிலையில் உள்ள அமோனியாவின் அளவைக் கூட்டாது. 'எவ்வளவு கிடைக்கும்' என்பது ஒரு வினா. 'எவ்வளவு விரைவிற் கிடைக்கும்' என்பது வேறொரு வினா. இவ்வேறுபாட்டை உணர்ந்தவனே பாடத்தை உணர்ந்தவன்.

இன்று நிகழ்வது யாது? இலே சாற்றலியேயின் தத்துவத்தை ஆங்கில வாக்கியமாக மனனஞ் செய்த மாணவன் அதனை விடைத்தாளிற் பிழையின்றி ஒப்புவித்துப் புள்ளி பெறுகிறான். ஊக்கியை இட்டால் அமோனியாவின் அளவு கூடுமா எனத் தாய்மொழியில் வினவினால், கூடும் என்கிறான். வேறொருவன் கருத்தைத் தெளிவாக உணர்ந்திருந்தும், வாக்கியம் அமைக்கத் தெரியாமையாற் புள்ளி இழக்கிறான். முன்னவனின் அறியாமையை மூடி மறைப்பதும் பின்னவனின் அறிவைப் புதைப்பதும் ஒரே பரீட்சைதான். இதனை இரசாயனவியற் பரீட்சை என்பதிலும் ஆங்கில வாக்கியப் பரீட்சை என்பதே பொருந்தும்.

தமிழ் உயர் விஞ்ஞானத்தைத் தாங்காது என்பார் இன்னும் உளர். அவர்கள் வரலாற்றை நோக்குதல் வேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரி மருத்துவர் சமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தவர். அவரது முயற்சியின் பயனாக 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் 1875இல் அச்சேறியது. இலே சாற்றலியே தமது தத்துவத்தை வெளியிட்டது 1884இல். தாக்கவீதம் வெப்பநிலையோடு மாறுமாற்றை அரீனியசு சமன்பாடாக்கியது 1889இல். சோரென்சன் பீஎச் அளவீட்டை வகுத்தது 1909இல். இன்றைய இரண்டாம் அரையாண்டுப் பாடத்தின் தூண்கள் பல நாட்டப்படுமுன்னரே தமிழில் இரசாயனவியல் எழுதப்பட்டுவிட்டது என்பது மனங்கொளத்தக்கது. ஒட்சியேற்றம், தாழ்த்தல், தாங்கற்கரைசல், வெப்பவுள்ளுறை முதலிய சொற்கள் பாடசாலைகளில் பல தலைமுறைகளாக வழங்கி வருபவை. அவற்றைத் தாங்கிய மொழி பல்கலைக்கழக வாயிலைக் கடந்ததும் வலுவிழந்துவிடுமோ?

ஆங்கிலம் வேண்டாம் என்பது இவ்வாதத்தின் பொருளன்று. ஆய்வேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வெளிவருகின்றன. அதனை அறியாத விஞ்ஞானி ஒற்றைச் சாளரமும் இல்லாத அறையில் இருப்பவன். ஆயின், ஆங்கிலத்தைக் கற்றல் வேறு. ஆங்கிலம் வரும்வரை சிந்தனையை நிறுத்திவைத்தல் வேறு. ஒரு கருத்தைத் தன் மொழியில் உறுதியாகப் பற்றியவனுக்கு அதன் ஆங்கில வடிவம் எளிதிற் கைவரும். கருத்தும் மொழியும் ஒருங்கே புதியனவாயின், இரண்டும் கைநழுவும்.

இனி, தமிழ்ப்பற்றாளரையும் வினவாது விடுதல் நேர்மையன்று. ஒட்சிசனா ஆக்சிஜனா, இரசாயனவியலா வேதியியலா என்று மேடைதோறும் வழக்காடுவோர், முதலாம் வருட மாணவனுக்கு உதவும் பயிற்சிக் குறிப்பொன்றைத் தமிழில் எழுத முன்வருவது அரிது. சொல்லாக்கம் விழாவாகிவிட்டது, நூலாக்கம் அநாதையாகிவிட்டது. கலைச்சொல் பட்டியலில் வாழ்வதில்லை, வாக்கியத்திலேதான் வாழ்கிறது. தமிழ்ச் சங்கங்கள் தம்மைத் தாமே வினவிக்கொள்ள வேண்டிய இடம் இதுவாகும்.

இது விஞ்ஞானபீடத்தின் உள்வீட்டு விவகாரம், ஏனையோர்க்கு இதில் என்ன எனக் கேட்போரும் இருக்கலாம். அவர்கள் 2021ஆம் ஆண்டை நினைவுகூர்தல் வேண்டும். அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது; நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்திற் கிளிநொச்சியிலும் படுவான்கரையிலும் வயல் செய்தோர் அறியவேண்டியிருந்தவை பல. யூறியாவில் ஏறத்தாழ 46 சதவீதம் நைதரசன் உண்டு. கூட்டெருவில் அது மிகச் சிறிதளவே. அந்த இடைவெளியை எதனால், எவ்வளவு காலத்தில் நிரப்பலாம்? மறுபுறம், யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் படையினூடாக நைத்திரேற்று கிணற்று நீரிற் கலக்கிறது. அளவு மீறிய பசளையும் அதற்கொரு காரணம். ஆகவே பசளை வேண்டும் என்பதும் உண்மை. மிகையாகாது என்பதும் உண்மை. இவ்விரு உண்மைகளையும் ஒருசேர விளக்க வல்லவன் சமநிலையும் தாக்கவீதமும் கற்ற பட்டதாரியே. அவன் கற்றது பரீட்சை மண்டப ஆங்கிலத்தில் மட்டுமாயின், வரம்பில் நிற்கும் தன் தந்தைக்கும் அதனை எடுத்துரைக்க இயலாது. அவ்விடைவெளியில் வதந்தி குடிபுகும்.

செய்யத்தக்கவை கடினமானவையல்ல. விரிவுரை ஆங்கிலத்திலேயே நடைபெறட்டும். வாரத்தில் ஒரு பயிற்சி வகுப்பேனும் தாய்மொழிக் கலந்துரையாடலாக அமைதல் வேண்டும். ஆய்வுகூடச் செய்முறைத் தாள்கள் மும்மொழியிலும் அச்சிடப்படல் வேண்டும்; அளவியையும் அமிலத்தையும் கையாள்வோனுக்கு எச்சரிக்கை விளங்காமற் போதல் கல்விக் குறை மாத்திரமன்று, ஆபத்துமாகும். முதலாம் வருடப் பரீட்சையில் விளக்கம் கோரும் வினாவொன்றுக்கேனும் தாய்மொழியில் விடையளிக்கும் உரிமை வழங்கப்படல் வேண்டும். இவ்வுரிமை தமிழ் மாணவனுக்கு மட்டும் உரியதன்று. கிராமத்துப் பாடசாலையிற் சிங்களத்திற் கற்று வந்த மாணவனும் இதே வாயிலில் இதே சுமையுடன் நிற்கிறான். இருவரும் ஒரே வகுப்பில் அமர்ந்து, அவரவர் மொழியிற் சிந்தித்து, ஆங்கிலத்தில் ஒருவரையொருவர் சந்திப்பதே நியாயமான ஒழுங்காகும்.

இவ்வொழுங்கு தரத்தைக் குறைக்கும் என்போர் ஒன்றை விளக்கக் கடமைப்பட்டவர்கள். விளங்காததை ஒப்புவிப்பவனைத் தேர்ந்து, விளங்கியதைச் சொல்ல இயலாதவனை வீழ்த்தும் முறையில் எந்தத் தரம் காக்கப்படுகிறது? அவ்வினாவுக்கு விடை கிடைக்கும்வரை, இரண்டாம் அரையாண்டிற் சித்தியெய்தத் தவறிய மாணவனின் பெயருக்கு எதிரே இடப்படும் குறி, அவனைக் கற்பித்த முறைமைக்கும் உரியதேயாகும்.