ஓவியக் கல்லூரிக்காகச் சேமநிதியில் கை வைக்கும் முன்

எஸ்.பி.எம். முடிவுகள் வெளியான கையோடு தனியார் கல்லூரிகளின் கல்விக் கண்காட்சிகள் தொடங்கிவிடும். நன்றாக வரையும் பிள்ளை வீட்டில் இருந்தால், தம்போய் பெற்றோர் அங்கே கேட்கும் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான்: டிப்ளோமாவில் சேருங்கள், சீக்கிரம் பதிந்தால் கட்டணக் கழிவு உண்டு. அரசாங்க உயர்கல்விக்கான யூ.பி.யூ. முடிவு அப்போது வந்திருக்காது. இந்த அவசரம் யாருக்கு?

தனியார் கலைக் கல்வி வீண் என்று சொல்ல வரவில்லை. கோலாலம்பூரில் 1967-இல் தொடங்கிய மலேசியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆர்ட் பல ஓவியர்களை உருவாக்கியது. அனிமேஷன், கணினி விளையாட்டு போன்ற துறைகளில் வேலை பார்ப்பவர்களே பாடம் நடத்தும் கல்லூரிகளும் உள்ளன. அந்தத் தொடர்புகளுக்கு மதிப்பு உண்டு.

ஆனால் செலவு, விளம்பரத் தாளில் உள்ள கட்டணத்தோடு முடிவதில்லை. நல்ல கணினி, வரைபலகை, வண்ண அச்சு, இறுதியாண்டுக் கண்காட்சி, கோலாலம்பூர் பக்கம் என்றால் அறை வாடகை எனக் கணக்கு நீளும். பி.தி.பி.தி.என். கடன் கிடைக்கும், சேவைக் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடுதான். என்றாலும் தொகை குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. அது முழுக் கட்டணத்தையும் ஈடுகட்டும் என நம்பிவிடக் கூடாது.

மீதிக்குப் பல குடும்பங்கள் திரும்பிப் பார்ப்பது ஊழியர் சேமநிதியை. 2024 மே முதல் பிள்ளைகளின் கல்விக்கு எடுக்கக்கூடிய பணம் 'அக்காவுன் செஜாத்ரா'வில் இருக்கிறது. மாதச் சந்தாவில் 15 விழுக்காடு மட்டுமே அதில் சேர்கிறது. வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் கை நீட்ட வேண்டியதும் அதே கணக்கில்தான். தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்துச் சேர்த்தது, இரண்டு பருவக் கட்டணத்திலேயே கரைந்துவிடலாம்.

நம் ஆட்கள் அதிகம் பேசாத ஒரு வழி பக்கத்திலேயே இருக்கிறது. பாசீர் கூடாங்கில் உள்ள இப்ராஹிம் சுல்தான் போலிடெக்னிக், கிராஃபிக் வடிவமைப்பு, ஆடை வடிவமைப்பு போன்றவற்றில் டிப்ளோமா வழங்குகிறது. போலிடெக்னிக்கில் பருவத்துக்குக் கல்விக் கட்டணம் 200 வெள்ளி. ஆறு பருவத்துக்கும் சேர்த்து 1,200 வெள்ளி. இன்றைய குறைந்தபட்ச மாதச் சம்பளமான 1,700 வெள்ளியைவிடக் குறைவு! இடம் கிடைப்பது உறுதியில்லைதான். விண்ணப்பிக்காமல் இருப்பதற்கு அது காரணம் ஆகாது.

பாலத்துக்கு அப்பால் 1938 முதல் இயங்கும் நன்யாங் நுண்கலைக் கழகமும் உண்டு. சிங்கப்பூர் அரசின் கட்டண மானியம் பெறும் வெளிநாட்டு மாணவர், படிப்பு முடிந்ததும் மூன்றாண்டு அங்கே வேலை செய்ய வேண்டும். எப்படியும் அங்கே வேலை தேடும் ஜொகூர் பிள்ளைகளுக்கு இது பெரிய சுமையாகத் தோன்றாது. கட்டணத்தை மூன்று மடங்குக்கு மேல் ரிங்கிட்டில் பெருக்கிப் பார்ப்பதுதான் வலிக்கும். பி.தி.பி.தி.என். கடனும் அங்கே கிடையாது.

எல்லாம் பார்த்த பிறகும் தனியார் கல்லூரிதான் என்றால், எம்.கியூ.ஏ. பதிவேட்டில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள். கட்டடத்தைச் சுற்றிக் காட்டுவதோடு விட்டுவிடாமல், சென்ற ஆண்டு முடித்தவர்களின் படைப்புத் தொகுப்பைக் கேளுங்கள். வடிவமைப்பு நிறுவனங்கள் நேர்காணலில் முதலில் புரட்டிப் பார்ப்பது அதைத்தான். பெரும்பாலான தனியார் கல்லூரிகள் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மாணவர்களைச் சேர்க்கின்றன. யூ.பி.யூ. முடிவு வந்த பிறகும் அந்தக் கதவு திறந்தே இருக்கும்.