கோச் மாறினால் கோல் விழுமா?



நம்ம ஹாஸ்டலில் அரியர் பேப்பரைப் பற்றிக்கூட இவ்வளவு விவாதம் நடந்து நான் பார்த்ததில்லை. "அடுத்த கோச் யாரு மாப்ளே?" என்று ஒருத்தன் ஆரம்பித்தால் போதும்... மெஸ்ஸில் சாம்பார் ஆறிப்போகும், விவாதம் ஆறாது. ஒருத்தன் ஸ்பெயின்காரர் என்பான். இன்னொருத்தன் "வெளிநாட்டு ஆளே வேண்டாம், நம்ம ஆளைப் போடு" என்பான். மூன்றாவது ஆள், எந்தப் பேரும் தெரியாவிட்டாலும், "கோச்சை மாத்துனா எல்லாம் சரியாயிரும்டா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விடுவான்.

அந்த மூன்றாவது நண்பனுக்காகத்தான் இந்தக் கட்டுரை. மற்ற இருவரும் கூடவே படிக்கலாம்!

170 விண்ணப்பமும் ஒரு நாற்காலியும்

2025 ஜூலை 2ஆம் தேதி இந்திய ஆண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளர் மனோலோ மார்க்கெஸ் பொறுப்பிலிருந்து விலகினார். ஸ்பெயின் நாட்டுக்காரர். அவர் கையில் அணி ஆடிய 8 ஆட்டங்களில் வெற்றி ஒன்றே ஒன்று. ஷில்லாங்கில் மாலத்தீவை 3-0 என்று வென்ற நட்பு ஆட்டம் அது. அடுத்து அதே ஊரில் பங்களாதேஷோடு கோலே இல்லாத டிரா. ஜூன் 10இல் ஹாங்காங்கிடம், ஆட்டம் முடியும் நேரத்தில் விழுந்த பெனால்டியில், 1-0 தோல்வி. அந்த ஜூலையில் உலகத் தரவரிசையில் இந்தியா 133ஆம் இடத்துக்கு இறங்கியது. 1996 பிப்ரவரியில் 94ஆம் இடத்தில் இருந்த நாடு!

நாற்காலி காலியானதும் கிளம்பியது பாருங்கள் ஊகம்! அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கு 170 விண்ணப்பங்கள் வந்தன. லிவர்பூலில் ஆடிய ராபி ஃபௌலர், ஹாரி கியூவெல் பெயர்களெல்லாம் அடிபட்டன. அதற்கும் மேலே, பார்சிலோனா புகழ் சாவியே விண்ணப்பித்துவிட்டார் என்று ஒரு பெரிய பத்திரிகையில் செய்தி வந்தது. நாடு முழுக்க ரசிகர்கள் துள்ளிக் குதித்தார்கள். "சம்பளம் கட்டுப்படியாகாதே" என்று கணக்குப் போட்டவர்களும் உண்டு. மறுநாளே சம்மேளனம் சொல்லிவிட்டது: சாவி பெயரிலும், கார்டியோலா பெயரிலும் வந்த மின்னஞ்சல்கள் உண்மையானவை அல்ல! சாவி பெயரில் அதை அனுப்பியது தானே என்று 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் சொன்னதாகப் பிறகு செய்தி வந்தது.

சிரிக்கலாம். நானும் சிரித்தேன். ஆனால் ஒரு பையன் விளையாட்டாக அனுப்பிய கடிதத்தை நாடே நம்பியது ஏன்? நாம் நம்ப விரும்பினோம். எங்கிருந்தோ ஒரு மகான் வந்து இறங்குவார், தொட்டதும் நோய் தீரும் என்ற ஆசை நமக்குள் ஊறிக் கிடக்கிறது. சினிமாவில் கடைசி ரீலில் கதாநாயகன் வருவான் என்று காத்திருந்து பழகிய ஜனங்கள்தானே நாம்!

முடிவில் ஐ.எம்.விஜயன் தலைமையிலான தொழில்நுட்பக் குழு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்துப் பரிந்துரைத்தது. ஏற்கெனவே இரண்டு முறை இந்தியாவுக்குப் பயிற்சி கொடுத்த ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், ஸ்லோவாக்கியாவின் ஸ்டீஃபன் டார்கோவிச், நம்ம நாட்டு காலித் ஜமீல். ஆகஸ்ட் 1ஆம் தேதி ஜமீல் நியமிக்கப்பட்டார். 2011-12இல் சாவியோ மெதெய்ரா இருந்த பிறகு அந்த நாற்காலியில் முழுப் பொறுப்போடு உட்கார்ந்த முதல் இந்தியர் இவர்தான். கடைசி இடத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டிருந்த ஐஸ்வால் அணியை 2016-17இல் ஐ-லீக் சாம்பியன் ஆக்கிக் காட்டியவர். "நம்ம ஆளைப் போடு" என்ற கட்சிக்கு வெற்றி!

பிறகு என்ன ஆச்சு?

முதல் மாதம் நன்றாகத்தான் போனது. தஜிகிஸ்தானை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்றோம். ஓமனைப் பெனால்டியில் வீழ்த்தி மத்திய ஆசியப் போட்டியில் மூன்றாம் இடம். "பார்த்தியா, நான்தான் சொன்னேனே!" என்று நம்ம ஹாஸ்டலிலும் தொடை தட்டினார்கள்.

அக்டோபரில் சிங்கப்பூரோடு அங்கே 1-1. அடுத்த வாரம் கோவாவில், சொந்த மண்ணில், 2-1 என்று தோல்வி. 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு போயிற்று. நவம்பர் 18இல் டாக்காவில் பங்களாதேஷிடமும் 1-0 தோல்வி.

இப்போது யோசியுங்கள். குரோஷியாக்காரர் இகோர் ஸ்டிமாச் 5 வருடம் இருந்தார். 2024 ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டத்திலும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் தோல்வி. 2024 ஜூனில் அவரை அனுப்பிவிட்டு, ஒப்பந்தத்துக்காக 4 லட்சம் டாலர், நம்ம கணக்கில் 3 கோடி ரூபாய்க்கு மேல், கொடுக்க வேண்டியதாயிற்று. அடுத்து ஸ்பெயின்காரர். அடுத்து நம்மவர். மூன்று பேர், மூன்று விதமான ஆட்டம், மூன்று மொழி. கோல் பஞ்சம் மட்டும் அப்படியே! 2024 ஜூனில் விடைபெற்ற சுனில் சேத்ரியை, 2025 மார்ச்சில், 40 வயதில், திரும்பக் கூப்பிட்டுக் களத்தில் இறக்கினார்கள் என்றால் பஞ்சம் எந்த அளவுக்கு என்று புரிந்துகொள்ளுங்கள்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

சென்னையின் எஃப்.சி. சொல்லும் பாடம்

"அப்படின்னா கோச்சால ஒண்ணுமே ஆகாதுங்கிறியா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆகும், நம்ம சென்னை அணியிலேயே ஆகியிருக்கிறது.

2019 டிசம்பரில் சென்னையின் எஃப்.சி. அட்டவணையின் அடியில் கிடந்தது. ஜான் கிரிகரி போய் ஓவன் கோயல் வந்தார். அதே ஆட்டக்காரர்கள் மடமடவென்று மேலே ஏறி 2020 மார்ச்சில் இறுதிப் போட்டி வரை போனார்கள். கோச் மாறினால் எல்லாம் மாறும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம் என்று தோன்றும்.

கதையின் இரண்டாம் பாகத்தையும் கேளுங்கள். அதே கோயல் 2023இல் அதே கிளப்புக்குத் திரும்பி வந்தார். 2024-25 சீசனில் சென்னை 13 அணிகளில் 11ஆவது. அதே மனிதர், அதே நீல ஜெர்சி, அதே நேரு ஸ்டேடியம்! முதல் தடவை அவருக்கு வால்ஸ்கிஸ் என்ற லிதுவேனியாக்காரர் இருந்தார். அந்த சீசனில் 15 கோல் அடித்தவர். அடுத்த சீசனே அவர் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார்.

ஃபிட்டிங் பிராக்டிகலில் நமக்கு இது நன்றாகவே தெரியும். அரம் மழுங்கிப் போயிருந்தால் எந்த இன்ஸ்ட்ரக்டர் வந்து நின்றாலும் ஜாப் சைஸுக்கு வராது. நல்ல அரம் இருந்தால் நல்ல இன்ஸ்ட்ரக்டர் அதை ஜோராக்கிக் காட்டுவார்.

ரகீம் சார் வைத்திருந்த சட்டி

இந்தியக் கால்பந்தின் பொற்காலம் என்றால் எல்லோரும் சொல்லும் பெயர் சையது அப்துல் ரகீம். ஹைதராபாத்துப் பள்ளி ஆசிரியர். 1951லும் 1962லும் ஆசிய விளையாட்டில் தங்கம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1962இல் ஜகார்த்தா இறுதிப் போட்டியில் தென் கொரியாவை 2-1 என்று வென்றபோது அவர் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். 1963 ஜூனில் காலமானார். "ரகீம் மாதிரி ஒரு கோச் கிடைச்சா..." என்று இன்றும் பெருமூச்சு விடுகிறோம்.

ரகீம் தேசிய அணிக்கு மட்டும் கோச் இல்லை என்பதை மறந்துவிடுகிறோம். ஹைதராபாத் நகரப் போலீஸ் அணியை வருடம் முழுக்க, தினம் தினம், அவர்தான் பழக்கினார். அந்த அணி 1950 முதல் 1954 வரை ஐந்து வருடம் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையைத் தூக்கியது. அவர் பழக்கிய பையன்கள் பலர் தேசிய அணிக்கும் வந்தார்கள். அதாவது அகப்பையும் அவர் கையில், சட்டியும் அவர் கையில்!

1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக நம்ம தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தரராஜ் ஒரு கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசி கோல் அதுதான். 60 வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த 60 வருடத்தில் எத்தனை கோச் வந்து போனார்கள் என்று கணக்குப் பார்த்தால் நம்ம அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் போதாது.

இன்று கோச்சுக்குக் கிடைப்பது என்ன? ஆட்டத்துக்கு முன்னால் சில நாள் முகாம். ஜமீலின் முதல் முகாமுக்கு மோகன் பகான் தன் ஆட்களையே அனுப்பவில்லை. செப்டம்பரில் தொடங்க வேண்டிய ஐ.எஸ்.எல்., ஒப்பந்தச் சிக்கலால் 2025இல் தொடங்கவே இல்லை. ஆடாத கால்களை வைத்துக்கொண்டு யார் என்ன செய்ய முடியும்?

நாம் கவனிக்காத ஒரு வெற்றி

மார்க்கெஸ் விலகிய அதே வாரம், ஜூலை 5ஆம் தேதி, தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் இந்தியப் பெண்கள் அணி, தரவரிசையில் தன்னைவிட உயரத்தில் இருந்த தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர் அடித்தது. கோச் கிரிஸ்பின் சேத்ரி, இந்தியர். இந்த மெஸ்ஸில் அதைப் பற்றி யாராவது பேசினோமா? ஆண்கள் அணிக்கு யார் வருவார் என்று ஊகித்துக்கொண்டிருந்தோம்!

தமிழ்நாட்டுப் பெண்கள் 2018லும் 2023லும் தேசிய சாம்பியன். மதுரையின் சேது எஃப்.சி. 2018-19இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. இதெல்லாம் வானத்திலிருந்து விழவில்லை. கடலூரில் மாரியப்பன் என்ற பயிற்சியாளர், சுனாமி அடித்த கடலோரக் கிராமங்களின் பெண் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துப் பந்து பழக்கினார். அவர் வரப்போகிறார் என்று யாரும் ஊகித்ததில்லை. பேப்பரில் பேர் அடிபடவில்லை. சட்டியை நிரப்பியது அப்படிப்பட்டவர்கள்தான்.

கடலூர் கடலோரம் என்றால், மண்டபமும் பாம்பனும் தங்கச்சிமடமும் என்னவாம்? நம்ம கடற்கரை மணலில் உதைத்துப் பழகிய பையனுக்கு மூச்சுக்கும் காலுக்கும் குறைவா?

தடைக்காலக் கணக்கு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நம்ம விசைப்படகெல்லாம் கரையில் ஏறி நிற்கும். அப்போது படகுச் சொந்தக்காரர் என்ன செய்கிறார்? பலகை பார்க்கிறார், இன்ஜினை இறக்கிப் பிரித்துப் போடுகிறார், வலையைச் சரி செய்கிறார், பெயிண்ட் அடிக்கிறார். அடியில் ஓட்டை இருக்கும்போது "டிரைவரை மாத்திட்டேன், இனி மீன் கொட்டும்" என்று எந்தச் சொந்தக்காரரும் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். சொன்னால் கரையில் நிற்கிற சின்னப் பையன்கூடச் சிரிப்பான். கால்பந்து என்று வரும்போது மட்டும் அந்தப் புத்தி நமக்கு எங்கே போகிறது?

நம்ம வீட்டுக் கதை

ஊரை விடுங்கள், நம்ம கல்லூரிக்கு வருவோம். நம்ம டீம் வெளிப் போட்டிகளில் முதல் சுற்றிலேயே தோற்கிறது. தோற்றதும் பி.டி. சார் தலை உருளுகிறது. "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!" நம்ம பையன்கள் ஒரு வருடத்தில் எத்தனை ஆட்டம் ஆடுகிறார்கள்? நாக்-அவுட்டில் ஒன்று தோற்றால் அந்த வருடம் அத்தோடு சரி. பிறகு ஷூவைக் கட்டிலுக்கு அடியில் போட வேண்டியதுதான்.

சங்கத்துக்கு என் யோசனை இரண்டு.

ஒன்று, துறைகளுக்குள் நாக்-அவுட்டை நிறுத்திவிட்டு லீக் நடத்துங்கள். சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் என்று ஐந்து துறை. நாக்-அவுட் என்றால் மொத்தமே 4 ஆட்டம். ஒவ்வொரு துறையும் மற்ற ஒவ்வொன்றோடும் இரண்டு தடவை ஆடினால் 20 ஆட்டம். ஒவ்வொரு டீமுக்கும் 8. கூடுதல் செலவு சில பந்துகளும் சுண்ணாம்பும்தான். விழாவுக்குப் பெரிய கோப்பை வாங்குகிற காசில் பாதி போதும்.

இரண்டு, ஃபைனல் இயர் ஆட்டக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் பக்கத்துக் கிராமத்துச் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்கட்டும். ஆண், பெண் இருபாலருக்கும். ஆர்வம் உள்ளவர்கள் சம்மேளனத்தின் டி லைசென்ஸ் பயிற்சிக்குப் போகட்டும். சில நாள் படிப்புத்தான். ஒரு வருடத்துக்கு ஒருத்தரைச் சங்கம் தன் செலவில் அனுப்பினால்கூட ஐந்து வருடத்தில் ஐந்து கோச் இந்தக் கடற்கரைக்குக் கிடைப்பார்கள்.

"இதனால இந்தியா ஜெயிச்சிருமா?" என்று கேட்காதீர்கள். ஜெயிக்காது. ஆனால் இன்று 10 வயதில் மணலில் ஓடுகிற பிள்ளைக்கு, பந்தை எப்படி நிறுத்துவது என்று சொல்லித்தர ஒரு அண்ணனோ அக்காவோ இருப்பார்கள். அது இன்று அதற்கு இல்லை.

ஊகம் பண்ண வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் மெஸ் சாம்பாரை எதைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவது? தாராளமாகப் பேசுவோம். ஆனால் அடுத்த தடவை "அடுத்த கோச் யாரு மாப்ளே?" என்று யாராவது கேட்டால், "ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு நீ ஃப்ரீயா?" என்று திருப்பிக் கேளுங்கள். விவாதம் அங்கேயே முடியும், வேலை தொடங்கும்.

— மூன்றாமாண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை