முஷ்டியுத்தமும் தாயின் தடையும்

1931-இல் கிங் விடோர் இயற்றிய ‘தி சாம்ப்’ என்னும் அமெரிக்கப் பேசும்படத்தில், குடியாற் சீரழிந்த குத்துச்சண்டை வீரனொருவன் தன் சிறுமகன் பொருட்டு மீண்டும் கோதாவிலிறங்கி, வென்று, உயிர்துறக்கின்றான். கண்ணீர் வருவிக்கும் கதையே, ஐயமில்லை. ஆயினும், 2021-இல் சங்கரன்கோவிலில், தறியோசைக்கிடையே, வீட்டிலிருந்தபடியே நாம் கண்ணுற்ற பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ அதனினும் ஆழமுடைத்து என்போம். வடசென்னைக் கபிலனும் குடியாற்கெட்டு மீள்பவனே. ஆனால் அவனைத் தாய் பாக்கியம் தடுப்பது வெறும் பிள்ளைப்பாசத்தாலன்று. முஷ்டிபலம் ரவுடித்தனமாகித் தன் கணவனை மாய்த்ததை அவள் அறிவாள்.

நம் மாணவர் கையுறை அணிய விழையின் பெற்றோர் தடுப்பதுண்டு. அதனைப் பேதைமையென நகைத்தல் தகாது. தக்க ஆசானைக் காட்டுதலே அவ்வச்சத்திற்கு விடையாகும். ரங்கன் வாத்தியார் போன்றாரொருவர் கிடைப்பின் நம் மைந்தனை நாமும் அனுப்புவோம். இல்லாள் இசைதல் வேண்டும்!