அலாய் வீலுக்கு அறுபதாயிரம், பால் ஜாயிண்ட்டுக்குப் பேரம்

புனேக்கு வந்து பதினாலு வருஷம் ஆச்சு. என் வண்டி பக்கத்துல சாக்கன்ல செஞ்ச போலோ ஜிடி டிஎஸ்ஐ, 2014 மாடல். 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைசக்தி. மிதிச்சா போகும், அதான் வாங்கினேன். 2022ல ஃபோக்ஸ்வாகன் இந்தியாவுல போலோ தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. இருக்கற வண்டியை விடவும் மனசு வரல, புதுசும் கிடைக்காது. ஆக எங்க சொசைட்டியில இதே வண்டி வெச்சிருக்கற மூணு தமிழ்க் குடும்பத்துக்கும் இப்போ ஒரே தலைவலி: முன்பக்கம் சத்தம்.

மூணு பேரும் பொங்கலுக்கு இதுலதான் ஊருக்குப் போறோம். பெங்களூருக்கே சுமார் 840 கிலோமீட்டர், அதுக்கப்புறம் சேலம், மதுரை, திருநெல்வேலி. பின் சீட்டுல பசங்க. அதனால இதைக் கொஞ்சம் கோவமாவே எழுதறேன், மன்னிச்சுக்குங்க.

நம்ம ஆளுங்க அலாய் வீலுக்கு அறுபதாயிரம் யோசிக்காம குடுப்பாங்க. எக்ஸாஸ்ட்டுக்குக் குடுப்பாங்க. இன்ஜின் ரீமேப்புக்கு க்யூவுல நிப்பாங்க. அதே மனுஷன் பால் ஜாயிண்ட் மாத்தணும்னா, "பாஸ், எண்ணூறு ரூபாய்க்கு எங்கயாவது கிடைக்குமா?"ங்கறார். வீல் பளபளன்னு இருக்கு, லிஃப்ட்ல கூட வர்றவர் பார்த்துட்டு விசாரிப்பார். பால் ஜாயிண்ட்டை யார் பார்க்கப் போறாங்க?

நானும் யோக்கியன் இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி கம்பெனி முத்திரை, ஹோலோகிராம் எல்லாம் போட்ட பெட்டியைப் பாதி விலைக்கு ஒரு கடையில வாங்கினேன். கெட்டிக்காரன்னு நெனப்பு வேற. எட்டே மாசம். சாத்தாரா போற வழியில கம்பாட்கி காட் ஏறும்போது இடது பக்கம் டொக் டொக்குன்னு ஆரம்பிச்சுது. ஜாக்கி வெச்சுப் பார்த்தா ரப்பர் உறை கிழிஞ்சு, கிரீஸ் காய்ஞ்சு, உருண்டை கையாலயே ஆடுது. அது குழியை விட்டுக் கழண்டா சக்கரம் அப்படியே மடங்கிடும். ஸ்டியரிங் உங்க கையில இருக்கும், ஆனா பிரயோஜனம் இல்ல. தங்கமணி கிட்ட இன்னிக்கு வரைக்கும் முழுசா சொல்லல.

அப்போதான் ஒரு விஷயம் உறைச்சுது. கார் கம்பெனி பால் ஜாயிண்ட் செய்யறதில்ல. அதைச் செய்யறவங்க வேற. லெம்ஃபோர்டர், சாக்ஸ், 2015ல வாங்கின டிஆர்டபிள்யூ, எல்லாம் இசட்எஃப்ங்கற ஒரே ஜெர்மன் நிறுவனத்தோட பேருங்க. நம்ம சென்னை ரானே ஸ்டியரிங் கியரும் பால் ஜாயிண்ட்டும் செய்யறாங்க. கேப்ரியல் ஷாக் அப்சார்பர் இங்க சாக்கன்லயும் தயாராகுது, அங்க ஓசூர்லயும் தயாராகுது. சேஸிஸ் நம்பரைக் குடுத்துப் பார்ட் நம்பர் எடுங்க, அந்த நம்பருக்கு இவங்கள்ல யார் பொருள் தர்றாங்கன்னு பாருங்க, பில்லோட வாங்குங்க. முத்திரைக்காக ரெட்டை விலையும் வேண்டாம், முத்திரை மட்டும் அச்சடிச்ச டூப்ளிகேட்டும் வேண்டாம்.

இன்னொரு கூட்டம் இருக்கு. "எப்படியும் கழட்டறோமே, பெர்ஃபாமன்ஸ் பார்ட்ஸே போட்டுடலாம்"னு கிளம்பறவங்க. லோயர் ஆர்ம்ல ரப்பர் புஷ்ஷுக்குப் பதிலா பாலியூரித்தேன் புஷ். ரேஸ் டிராக்ல சரி, ஸ்டியரிங் சட்டுனு திரும்பும். ஆனா ரப்பர் அங்க சும்மா உக்காந்திருக்கல. பள்ளத்துல விழற அடியைக் கொஞ்சம் வாங்கிக்கறதுதான் அதோட வேலை. அது வாங்காத அடியை ஆர்மும் சப்ஃபிரேமும் வாங்கும், மிச்சத்தை உங்க முதுகெலும்பு வாங்கும்.

ஸ்பிரிங்கை மாத்தி வண்டியை இறக்கறது அதை விடக் கொடுமை. வண்டி இறங்கினா லோயர் ஆர்மோட வெளிமுனை மேல தூக்கிக்கும். ஈர்ப்பு மையம் கொஞ்சம் இறங்கும், ரோல் சென்டர் அதை விட அதிகமா இறங்கிடும். வண்டி சாயறதுக்கான நெம்புகோல் நீளமாகுது, அதை ஸ்பிரிங்கோட விறைப்பை வெச்சுத்தான் சமாளிக்கறாங்க. டை ராட் கோணமும் மாறும், மேடு பள்ளத்துல சக்கரம் தானா உள்ளயும் வெளியயும் திரும்பும். இந்திய ரோடு காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். நம்ம தெருவுல அந்த அகலத்துக்கு யார் போடறாங்க? செங்கல் அடுக்கின மாதிரி இருக்கு, அதுல இறக்கின வண்டி!

பத்து வருஷம் ஓடின வேகமான வண்டிக்கு நல்ல பெர்ஃபாமன்ஸ் பார்ட் எதுன்னா, ஃபாக்டரி அளவுலயே இருக்கற புது ரப்பர், புது ஷாக் அப்சார்பர், ரெண்டு பக்கமும் சேர்த்து. என் வண்டியில போட்ட அன்னிக்கு 2014 திரும்பி வந்துச்சு.

அப்புறம் சர்வீஸ் சென்டர். சத்தம்னு போனா "ஸ்டியரிங் ராக் போயிடுச்சு சார்"னு பெரிய தொகையா சொல்வாங்க. எனக்கும் சொன்னாங்க. போனது லிங்க் ராட், ராக் இன்னும் அதேதான். சக்கரத்தைத் தூக்கி, கடியார மூணு, ஒன்பது இடத்துல பிடிச்சு ஆட்டச் சொல்லுங்க. ஆட்டம் இருந்தா டை ராட் எண்டைக் கையால தொட்டுப் பாருங்க. பன்னிரண்டு, ஆறுல ஆடினா பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். உங்க கண்ணு முன்னாடி காட்டாத வரைக்கும் ராக்குக்கு சரின்னு சொல்லாதீங்க.

மாட்டும்போதும் பக்கத்துல நில்லுங்க. சக்கரம் அந்தரத்துல தொங்கும்போதே புஷ் போல்ட்டை முழுசா முறுக்கிட்டா, வண்டி கீழ இறங்கினதும் ரப்பர் எப்பவும் முறுக்கின நிலையிலயே இருந்து சீக்கிரம் கிழிஞ்சிடும். நல்ல பார்ட்டும் அப்போ வீண். வண்டி எடை சக்கரத்துல நின்ன பிறகுதான் கடைசி முறுக்கு. "இருபது வருஷமா இப்படித்தான் பண்றோம்"னு மெக்கானிக் முறைப்பார், முறைக்கட்டும். கடைசியா வீல் அலைன்மென்ட், அதுக்கு மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க.

எதிர் வீட்டு அண்ணாச்சி நேத்து ராத்திரி புது ஸ்பிரிங் பெட்டியோட வந்தார். "வெள்ளிக்கிழமை கிளம்புதோம், அதுக்குள்ள மாட்டிரலாம்லா?" காபி குடுத்து, வண்டிக்குக் கீழ டார்ச் அடிச்சுக் காட்டினேன். இடது பால் ஜாயிண்ட் உறை கிழிஞ்சிருந்துச்சு. ரொம்ப நேரம் குனிஞ்சே பார்த்துட்டு இருந்தார். ஸ்பிரிங் பெட்டி இப்போ எங்க வீட்டு ஷூ ரேக் மேல இருக்கு.